ஆறு லட்சம் முன்னிலை எங்கே போனது? அமெரிக்க வாக்கு எண்ணிக்கை, ஓர் எளிய விளக்கம்

2020 நவம்பர் 4, புதன்கிழமை மத்தியானம். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா ஒரு படம் போட்டிருந்தார். பென்சில்வேனியா மாநிலத்தில் டிரம்ப் 6 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் முன்னிலை. கீழே ஒரே வரி: "முடிஞ்சுதுப்பா." சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல் அவரே போன் செய்தார். அந்த மாநிலத்தில் பைடன் வென்றுவிட்டார், அதோடு அதிபர் பதவியும் அவருக்கே என்ற செய்தி அப்போதுதான் வந்திருந்தது. "ஏம்ப்பா, ஆறு லட்சம் ஓட்டு முன்னால இருந்தவர் எப்படித் தோக்க முடியும்? நடுவுல என்னமோ நடந்திருக்கு."

பெரியப்பா கூட்டுறவு வங்கியில் முப்பது வருஷம் காசாளராக இருந்தவர். கணக்கு தெரியாதவர் இல்லை. அவர் கேட்டதும் நியாயமான கேள்விதான். அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் "அங்கே அப்படித்தான்" என்று எல்லோரும் தட்டிக் கழித்ததால்தான் இவ்வளவு சந்தேகம் வளர்ந்தது என்று நினைக்கிறேன். அன்று அவரிடம் அரை மணி நேரம் பேசியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி, பிறகு நானே தேடித் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

மொய் நோட்டும் கவர் மொய்யும்

முதலில் அவருக்குச் சொன்னது கல்யாண மொய்க் கணக்கு. வாசலில் மேசை போட்டு ஒருவர் நோட்டு எழுதுகிறார். பக்கத்தில் இன்னொருவர் பணத்தை எண்ணி வாங்குகிறார். ஊர்க்காரர்களும் பங்காளிகளும் கையில் பணமாகக் கொடுப்பார்கள். பெயரைச் சொன்னதும் தொகை நோட்டில் ஏறிவிடும். மாப்பிள்ளையின் ஆபீஸ் நண்பர்கள் நேரே மேடைக்குப் போய்க் கவராகக் கொடுப்பார்கள். அதெல்லாம் ஒரு துணிப்பையில் சேரும். பந்தி முடிந்து, மண்டபத்தைக் காலி செய்து, வீட்டுக்கு வந்த பிறகுதான் யாராவது பாயில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள். ஒட்டியதைக் கிழிக்க வேண்டும், பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பெயரில்லாததைத் தனியே எடுத்து வைக்க வேண்டும்.

மத்தியானம் ஒருவர் நோட்டைப் புரட்டி, "ஊர் மொய் எண்பதாயிரம், ஆபீஸ் மொய் வெறும் ஐயாயிரம்" என்று சொன்னால் அது பொய்யில்லை. நோட்டில் அப்படித்தான் இருக்கும். ராத்திரி ஆபீஸ் மொய் ஒரு லட்சத்தைத் தொட்டால், நடுவில் யாரோ பணத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள் என்றும் ஆகாது. அந்தப் பணம் மத்தியானமே பையில் இருந்தது.

கணக்கு இப்படித் திரும்புவதற்கு இரண்டு விஷயங்கள் சேர வேண்டும். கவர் பிரிக்க அதிக நேரம் ஆக வேண்டும். கவரில் கொடுப்பவர்களும் கையில் கொடுப்பவர்களும் வேறு வேறு கூட்டமாக இருக்க வேண்டும். பென்சில்வேனியாவில் 2020-ல் இரண்டும் சேர்ந்தன.

கவருக்குள் என்ன இருக்கிறது?

வாக்குப்பதிவு நாளன்று சாவடிக்கு வராமல், முன்கூட்டியே வாக்குச்சீட்டை வாங்கி நிரப்பி அனுப்புவதற்கு அமெரிக்காவில் ஆப்சென்டீ வாக்கு என்று பெயர். ஊரில் இல்லாதவரின் வாக்கு என்பது பொருள். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864-ல் வீட்டைவிட்டுத் தூரத்தில் இருந்த போர்வீரர்கள் வாக்களிக்க வேண்டுமென்பதற்காகப் பெரிய அளவில் வந்த ஏற்பாடு. இன்று பெரும்பாலும் தபாலில் போகிறது என்பதால் தபால் வாக்கு என்றே இங்கே சொல்கிறேன்.

நம் ஊரில் தபால் ஓட்டு என்றால் தேர்தல் பணியில் இருக்கும் அரசு ஊழியர்களும் ராணுவத்தினரும்தான் முதலில் நினைவுக்கு வருவார்கள். எண்ணும் நாளில் காலை எட்டு மணிக்கு முதலில் பிரிப்பதும் அதைத்தான். அமெரிக்காவில் அளவே வேறு. 2020-ல் வாக்களித்தவர்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் தபாலில் வாக்களித்தார்கள். விதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் 65 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது நோய், வெளியூர்ப் பயணம் என்று ஏதாவது காரணம் காட்ட வேண்டும். ஆரிகனில் இருபது வருஷத்துக்கும் மேலாக எல்லா வாக்காளர்களுக்கும் வீட்டுக்கே சீட்டு வந்துவிடுகிறது. நம்முடைய தேர்தல் ஆணையம் போல நாடு முழுவதற்கும் தேர்தல் நடத்தும் ஒரே அமைப்பு அங்கே கிடையாது. மாநிலம் சட்டம் போடும். கவுண்டி என்கிற மாவட்ட அளவிலான நிர்வாகம் நடத்தும்.

பென்சில்வேனியாவில் ஒரு சீட்டு போகும் வழியைப் பாருங்கள். வாக்காளர் சீட்டை நிரப்பி, பெயர் எதுவும் இல்லாத உள்உறையில் வைக்கிறார். யாருக்குப் போட்டார் என்பது வெளியே தெரியாமல் காப்பது அந்த உறைதான். அதை வெளியுறைக்குள் வைத்து, அதன்மேல் உள்ள உறுதிமொழியில் கையெழுத்தும் தேதியும் போட்டு அனுப்புகிறார். அலுவலகத்தில் வெளியுறையைப் பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார்கள், பிரிக்கிறார்கள், உள்உறைகளைத் தனியே சேர்த்துப் பிரிக்கிறார்கள், மடித்த தாளைத் தட்டையாக்குகிறார்கள். அப்புறம்தான் ஸ்கேனர் இயந்திரம். உள்உறை இல்லாமல் வந்த சீட்டை அந்த மாநிலத்தில் எண்ணமாட்டார்கள். வேறு பல மாநிலங்களில் கையெழுத்தையும் பழைய பதிவோடு ஒப்பிடுவார்கள். பொருந்தாவிட்டால் வாக்காளரைக் கூப்பிட்டுச் சரிசெய்ய வாய்ப்புத் தருவதும் உண்டு. சாவடியில் நேரில் போடுகிறவரின் அடையாளமெல்லாம் சீட்டு கைக்கு வருவதற்கு முன்பே சரிபார்க்கப்பட்டுவிடுகிறது. தபாலில் அந்த வேலை முழுவதும் சீட்டு வந்த பிறகு நடக்கிறது. தாமதம் வருவது அங்கிருந்துதான்.

அந்த நான்கு நாட்கள்

இந்த உறை பிரிக்கும் வேலையை எப்போது தொடங்கலாம் என்பது மாநிலச் சட்டம். ஃப்ளோரிடாவில் வாரங்களுக்கு முன்பே தொடங்கலாம். அதனால் 2020-ல் அந்தப் பெரிய மாநிலத்தின் முடிவு அன்று ராத்திரியே தெரிந்துவிட்டது. பென்சில்வேனியாவில் வாக்குப்பதிவு நாள் காலை ஏழு மணிக்கு முன் ஓர் உறையைக்கூடத் தொடக்கூடாது. அந்த வருஷம் அங்கே வந்த தபால் வாக்குகள் சுமார் 26 லட்சம். முன்கூட்டியே பிரிக்க அனுமதி கொடுங்கள் என்று கவுண்டி அதிகாரிகள் கேட்டார்கள். ஆளுநருக்கும் சட்டமன்றத்துக்கும் உடன்பாடு வரவில்லை. இதை எழுதும்போது எனக்கு இன்னமும் ஆற்றாமையாகத்தான் இருக்கிறது. சட்டத்தில் சில வரிகள் மாறியிருந்தால் பெரியப்பாவின் கேள்விக்கே இடமிருந்திருக்காது.

இனி இரண்டாவது காரணம். கொரோனா காலம் அது. தபால் வாக்கில் மோசடி நடக்கும் என்று டிரம்ப் மாதக்கணக்கில் பேசிவந்தார். அவருடைய ஆதரவாளர்கள் நேரில் போனார்கள், பைடன் ஆதரவாளர்கள் தபாலில் அனுப்பினார்கள். பென்சில்வேனியாவின் தபால் வாக்குகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பைடனுக்கு விழுந்தவை.

இதைக் காசாளர் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் 1 லட்சம் வாக்கு பின்தங்கியிருக்கிறார், எண்ண வேண்டியவை இன்னும் 3 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமன் செய்ய அவருக்கு அந்த மூன்றில் இரண்டு லட்சம் வேண்டும், அதாவது மூன்றில் இரண்டு பங்கு. மீதியிருப்பவை நேரடி வாக்குகள், அவற்றில் இதுவரை பாதிக்குப் பாதிதான் வாங்கியிருக்கிறார் என்றால் கதை முடிந்தது. மீதியிருப்பவை தபால் வாக்குகள், அவற்றில் நான்கில் மூன்று அவருக்கு விழுந்துகொண்டிருக்கிறது என்றால் முன்னணியில் இருக்கிறவர்தான் கவலைப்பட வேண்டும். பென்சில்வேனியாவில் நடந்தது இந்தக் கணக்கின் பெரிய வடிவம். கடைசியில் பைடன் சுமார் 80,000 வாக்குகளில் வென்றார்.

வாக்குப்பதிவு முடிந்த அன்று ராத்திரி விஸ்கான்சின் மாநிலத்திலும் ஒரு சம்பவம். மில்வாக்கி நகரம் தன் தபால் வாக்குகள் அனைத்தையும் ஒரே கூடத்தில் எண்ணி, விடியற்காலை மூன்று மணிக்கு மேல் சுமார் 1.7 லட்சம் வாக்குகளை ஒரே மூட்டையாகக் கணக்கில் சேர்த்தது. வரைபடத்தில் பைடனின் கோடு செங்குத்தாக ஏறியது. அந்தப் படம் உலகம் முழுக்கச் சுற்றியது, "நள்ளிரவில் கொட்டிய ஓட்டு" என்று. மொய்ப் பையைப் பிரித்துக் கூட்டி, மொத்தத்தை ஒரே வரியாக நோட்டில் எழுதியதுபோல.

பின்னால் எண்ணுவது எல்லாம் பைடனின் ஜனநாயகக் கட்சிக்கே போகும் என்று விதி கட்டிவிடாதீர்கள். அதே தேர்தலில் அரிசோனாவில் கடைசியாக எண்ணப்பட்ட தபால் வாக்குகள் டிரம்ப் பக்கம் சாய்ந்தன. பைடனின் முன்னிலை நாளுக்கு நாள் தேய்ந்து 10,457-ல் வந்து நின்றது. 2020-க்கு முன்பு ஃப்ளோரிடாவில் தபால் வாக்கு டிரம்பின் குடியரசுக் கட்சியின் பலமாகத்தான் இருந்தது. யார் எந்த வழியில் வாக்களிக்கிறார்கள் என்பது தேர்தலுக்குத் தேர்தல் மாறுகிற பழக்கம்.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: வாக்குப்பதிவு முடியும்போதே, அநேகமாக எல்லா வாக்குகளும் யாருக்கு என்பது தீர்ந்துவிட்டது. சில மாநிலங்களில் அன்றைய தபால் முத்திரையோடு பின்னால் வந்து சேரும் சீட்டுகளும்கூட அதற்குள் நிரப்பி அனுப்பப்பட்டவைதான். ராத்திரி நாம் பார்ப்பது எண்ணும் வரிசையை. அந்த வரிசை மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது.

வென்றார் என்று சொல்வது யார்?

ராத்திரி "இவர் வென்றார்" என்று வரும் அறிவிப்பு அரசாங்கத்துடையது அல்ல. அசோசியேட்டட் பிரஸ் என்ற செய்தி நிறுவனமும் தொலைக்காட்சி நிறுவனங்களும் தங்கள் கணக்கை வைத்துச் சொல்வது அது. அசோசியேட்டட் பிரஸ் 1848-லிருந்து இந்த வேலையைச் செய்கிறது. பின்தங்கியிருப்பவர் எட்டிப் பிடிக்க வழியே இல்லை என்று உறுதியானால்தான் அறிவிப்பார்கள். மேலே போட்ட கணக்குதான் அவர்கள் போடுவதும்: மீதி எவ்வளவு, எந்த ஊருடையது, எந்த வகை.

திரையில் "95 சதவீதம் எண்ணியாகிவிட்டது" என்று வருமே, அதுவும் மதிப்பீடு. மொத்தம் எத்தனை தபால் வாக்கு வந்து சேரும் என்று முழுதாகத் தெரியாதபோது சதவீதத்தை எதை வைத்துக் கணக்கிடுவது? அதனால்தான் அந்த எண் சில நேரம் நாள்கணக்கில் அசையாமல் நிற்கும், சில நேரம் பின்னுக்கும் போகும்.

இந்த அறிவிப்பும் தவறியதுண்டு. 2000 அதிபர் தேர்தலில் ஃப்ளோரிடாவைத் தொலைக்காட்சிகள் முதலில் ஜனநாயகக் கட்சியின் அல் கோருக்குக் கொடுத்தன, திரும்பப் பெற்றன. அதிகாலையில் குடியரசுக் கட்சியின் புஷ்ஷுக்குக் கொடுத்தன, அதையும் திரும்பப் பெற்றன. முடிவில் வித்தியாசம் 537 வாக்குகள். சட்டப்படி செல்லுபடியாகும் முடிவு வேறு: கவுண்டிகளும் மாநிலமும் ஒவ்வொரு கணக்கையும் சரிபார்த்து, சில வாரங்கள் கழித்துக் கையெழுத்திட்டு வெளியிடுவது. அதைச் சான்றளிப்பு என்பார்கள்.

பிரைமரியில் குழப்பம் ஏன் கூடுகிறது?

கட்சியின் வேட்பாளர் யார் என்பதை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தல் பிரைமரி. நம் ஊரில் தலைமை அறிவிக்கும் பட்டியல் அங்கே வாக்குச்சீட்டில் முடிவாகிறது. அதிபர் தேர்தலில் ஜனவரி, பிப்ரவரியில் தொடங்கி மாநிலம் மாநிலமாக மாதக்கணக்கில் போகும்.

எல்லோரும் ஒரே கட்சி என்பதால் வாக்காளரின் மனம் எளிதில் மாறும். இன்றைக்கு இவர், அடுத்த வாரம் அவர். அங்கேதான் தபால் வாக்குக்கு ஒரு தனிச் சங்கடம். 2020-ல் மின்னசோட்டாவில் ஜனநாயகக் கட்சிப் பிரைமரிக்கான முன்கூட்டிய வாக்களிப்பு ஜனவரி 17-ல் தொடங்கியது. தேர்தல் நாள் மார்ச் 3. அந்த மாநிலத்தின் செனட்டர் ஏமி க்ளோபுச்சர் மார்ச் 2-ஆம் தேதி போட்டியிலிருந்து விலகினார். முந்தைய நாளே இன்னொரு வேட்பாளரான பீட் புட்டிஜெஜ் விலகியிருந்தார். சொந்த ஊர்க்காரர் என்று ஆசையாய் க்ளோபுச்சருக்குப் போட்டு அனுப்பியிருந்த சீட்டுகளெல்லாம், களத்தில் இல்லாத ஒருவருக்கு விழுந்த வாக்காக எண்ணப்பட்டன. சீக்கிரம் வாக்களிப்பதில் உள்ள உண்மையான விலை இது. மோசடிப் பேச்சுகளின் இரைச்சலில் இதை யாரும் பேசுவதில்லை.

வித்தியாசமும் பிரைமரியில் நூலிழையில் நிற்கும். 2012-ல் அயோவா மாநிலத்தில் குடியரசுக் கட்சிக்காரர்கள் ஊர் ஊராகக் கூட்டம் கூடி வாக்களிக்கும் காகஸ் முறையில், மிட் ராம்னி 8 வாக்கில் முன்னிலை என்று முதலில் சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்துச் சரிபார்த்த கணக்கில் ரிக் சான்டோரம் 34 வாக்கு முன்னால் இருந்தார். அதற்குள் ராம்னி வெற்றிச் செய்தியோடு அடுத்த மாநிலத்தையே தாண்டிவிட்டார். 2022-ல் பென்சில்வேனியாவின் குடியரசுக் கட்சி செனட் பிரைமரியில் மெஹ்மெட் ஓஸும் டேவிட் மெக்கார்மிக்கும் மோதினார்கள். 13 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளில் இருவருக்கும் இடைவெளி ஆயிரத்துக்கும் குறைவு. முன்னால் இருக்கும்போதே வெற்றியை அறிவித்துவிடுங்கள் என்று ஓஸுக்கு டிரம்ப் யோசனை சொன்னார். பின்தங்கிய மெக்கார்மிக், வெளியுறையில் தேதி போட மறந்த தபால் வாக்குகளையும் எண்ண வேண்டும் என்று நீதிமன்றம் போனார். அவரும் குடியரசுக் கட்சிக்காரர்தான். மறு எண்ணிக்கையும் வேண்டியிருந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருந்து அவர் தோல்வியை ஒப்புக்கொண்டார். உறையின் மேல் எழுதாமல் விட்ட ஒரு தேதிக்கு அத்தனை மதிப்பு.

பதம் பார்த்த சோறு

இன்னொரு பெரிய குழப்பம் கணிப்பு. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானையைக் கிளறி எடுத்த சோற்றுக்குத்தான் பொருந்தும். மேலாக எடுத்தால் அடியில் வெந்தது தெரியாது. 1936 அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை 1 கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பியது, 20 லட்சத்துக்கும் மேல் பதில் வந்தது. குடியரசுக் கட்சியின் லாண்டன் வெல்வார் என்றது. அவரை எதிர்த்த அதிபர் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். முகவரிகளைப் பெரும்பாலும் தொலைபேசி, கார் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்து எடுத்திருந்தார்கள். பொருளாதார மந்தக் காலத்தில் அது மேல்தட்டுச் சோறு. போதாக்குறைக்கு, கோபத்தில் இருந்தவர்கள்தான் அதிகம் பதில் எழுதினார்கள். அதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்துக் கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் சரியாகச் சொன்னார்.

ஆயிரம் பேரிடம் கேட்டால் ஏறக்குறைய 3 சதவீதம் மேலேயோ கீழேயோ தவறலாம். இதைப் பிழை வரம்பு என்பார்கள். 52-க்கு 48 என்ற கணிப்பில் முன்னால் இருப்பவர் உண்மையில் 49-லும் இருக்கலாம். இது கிளறி எடுத்த சோற்றுக்கான வரம்பு மட்டுமே. ஒரு பிரிவினர் போனையே எடுக்காவிட்டால் தவறு இன்னும் பெரிதாகும். 2020-ல் தேசிய அளவிலான கருத்துக்கணிப்புகள் 40 ஆண்டுகளில் மிக அதிகமாகத் தவறின. பைடன் வென்றதால் அது பெரிதாகக் கண்ணில் படவில்லை.

கருத்துக்கணிப்பு வேறு, முன்கணிப்பு வேறு. பல கணிப்புகளைச் சேர்த்து "வெல்லும் வாய்ப்பு இத்தனை சதவீதம்" என்று சொல்வது முன்கணிப்பு. 2016-ல் நேட் சில்வரின் ஃபைவ்தர்டிஎய்ட் தளம் ஹிலாரி கிளின்டனுக்கு 71, டிரம்புக்கு 29 சதவீத வாய்ப்பு என்றது. நம்மில் பலர் அதை 71 சதவீத வாக்கு என்றே படித்தோம். வாரத்தில் இரண்டு நாள் வராத பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். 29 சதவீதம் என்பது அதுதான். அந்த பஸ் ஒரு நாள் வராவிட்டால் நாம் வியப்போமா? அதிபரை மாநிலவாரியாகத் தேர்ந்தெடுக்கும் முறை அங்கே. கிளின்டன் நாடு முழுக்க 28 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் கூடுதலாக வாங்கினார். பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் மூன்றிலும் சேர்த்து 80,000-க்கும் குறைவான வாக்குகளில் அதிபர் பதவியை இழந்தார். பிரைமரியில் கணிப்பு இதைவிடத் தடுமாறும்: அதே வருஷம் மிச்சிகன் பிரைமரியில் கிளின்டன் சுமார் 20 புள்ளி முன்னிலை என்றன கணிப்புகள், வென்றவர் அவரை எதிர்த்து நின்ற பெர்னி சான்டர்ஸ்.

முன்கணிப்பு, ராத்திரி முன்னிலை, ஊடக அறிவிப்பு, சான்றளிப்பு: நான்கும் வேறு வேறு பொருள். சட்டம் ஏற்பது கடைசியில் உள்ளதை மட்டும்.

ஜார்ஜியாவின் மேசைகள்

"அப்ப தப்பே நடக்கலைங்கறியா?" என்று பெரியப்பா கடைசியாகக் கேட்டார். நடந்தது. அதற்கான பதில் அடுத்த சில நாட்களில் ஜார்ஜியாவிலிருந்து வந்தது. அங்கே இடைவெளி குறைவாக இருந்ததால் 50 லட்சம் சீட்டுகளையும் கையால் மறுபடி எண்ணினார்கள். ஒரு மேசைக்கு இரண்டு பேர். ஒருவர் சீட்டை எடுத்துப் பெயரைச் சத்தமாகச் சொல்வார், மற்றவர் வாங்கிப் பார்த்து அந்தப் பெயருக்கான அடுக்கில் வைப்பார். கட்சிக்காரர்கள் நின்று கவனித்தார்கள். ஃப்ளாய்ட் என்ற கவுண்டியில் முதல் எண்ணிக்கையில் இயந்திரத்துக்கே போகாமல் விட்டுப்போன சுமார் 2,600 சீட்டுகள் அப்போதுதான் கிடைத்தன. அவற்றில் அதிகம் டிரம்புக்கு விழுந்தவை, அவர் கணக்கில் சேர்த்தார்கள். டிரம்ப் தரப்பு கேட்டதால் பிறகு இயந்திரத்தில் இன்னொரு முறையும் எண்ணினார்கள். பைடனின் முன்னிலை 11,779-ல் நின்றது.

அந்த 2,600 சீட்டுகளைப் பற்றிச் சொன்னபோது பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. சாயங்காலக் கணக்கில் பத்து ரூபாய் இடித்தால் அவர் வங்கிக் கதவைச் சாத்தவிடமாட்டார், அத்தனை சிட்டையையும் மறுபடி புரட்ட வைப்பார். "தேடிப் புடிச்சு எதிராளி கணக்குல வச்சாங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.